அண்ணியின் நாக்கும் எங்கள் காய்ச்சல் மருந்தும்

எதை வாயில் வைத்தாலும் முதல் வாயை அண்ணி சுவரைப் பார்த்து நின்றுதான் விழுங்குவார். டீயோ, பாலோ, வந்தவர்கள் வாங்கி வந்த பிஸ்கட்டோ, எதுவானாலும் சரி. பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்தி, எல்லோருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு இந்தப் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து பேச்சை எடுப்பார்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் எனக்கு இது பெரிய கவலையாக இருந்தது. நான் போட்ட டீ பிடிக்காமல்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று நினைத்தேன். கேட்கவும் வாய் வரவில்லை. இரண்டு வாரம் சர்க்கரையைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். கடைசியில் அவரே கேட்டுவிட்டார்.

"ஏம்மா, உன் டீ திங்கக்கிழமை ஒரு மாதிரி, செவ்வாக்கிழமை ஒரு மாதிரி இருக்கு. ஏதாவது ஆராய்ச்சி பண்றியா?"

அண்ணி என் கணவரின் அக்கா. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். ஏன் என்று யாராவது கேட்டால், "அண்டாவ விட்டுட்டு வர மனசில்ல" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த அண்டா வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீள அறையில் இருக்கிறது. அதை மருந்து ரூம் என்று சொல்வோம். என் மாமனார் ஆரம்பித்த தொழில் இது. நான் வருவதற்கு முந்தின வருஷம் அவர் போய்விட்டார். அவர் விட்டுப்போனது இரண்டே மருந்துகள். பச்சை லேபிள் ஒட்டினால் வயிற்று மருந்து, சிவப்பு லேபிள் ஒட்டினால் காய்ச்சல் மருந்து. இரண்டுக்கும் ஒரே பழுப்புப் பாட்டில். காய்ச்சுவது அண்ணி. ஸ்கூட்டரில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு கடை கடையாகப் போடுவது என் கணவர். லேபிள் ஒட்டுவது நான். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. நாலு பேருக்கு முன்னால் பேசச் சொன்னால் எனக்கு வியர்த்துக் கொட்டும். லேபிளோடு பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்கு ஒத்துப்போனது.

பச்சை லேபிளில் இரண்டு படங்கள் இருக்கும். முதல் படத்தில் மீசைக்காரர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பார். இரண்டாவதில் அவரே நெஞ்சை நிமிர்த்திச் சிரிப்பார். அவர் மாமனாரின் கூட்டாளி, தெருக்கோடியில் கடை வைத்திருந்த தையல்காரர். மனுஷன் வலியை அவ்வளவு தத்ரூபமாக நடித்துவிட்டதால், அளவு கொடுக்க வருகிறவர்கள் எல்லாம் முதலில் வயிறு எப்படி இருக்கிறது என்றுதான் விசாரிப்பார்களாம். "ரெண்டாவது படத்தை ஒருத்தனும் பாக்க மாட்டேங்கறான்" என்று அவர் சாகும்வரை குறைப்பட்டுக்கொண்டார்.

பாட்டிலோடு ஒரு துண்டுச்சீட்டும் வைப்போம். மாமனார் காலத்தில் அதில் முப்பத்திரண்டு வியாதிகள் இருந்தன. மந்தம், பொருமல், உப்புசம், புளித்த ஏப்பம் என்று ஆரம்பித்து மூட்டுவலி, முடி கொட்டுதல், ஞாபகமறதி வரைக்கும் போகும். தொழில் தன் கைக்கு வந்ததும் அண்ணி செய்த முதல் வேலை, சிவப்புப் பென்சிலை எடுத்து அதில் இருபத்தைந்தை அடித்தது. என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டாராம். "மயிர் கொட்டுறதுக்கும் வயித்துக்கும் என்னடா சம்பந்தம்? எனக்குத் தெரிஞ்சு கேக்கறது ஏழுக்குத்தான். ஏழு போதும்" என்று அண்ணி முடித்துவிட்டார். புதுச் சீட்டைப் பார்த்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சண்டைக்கு வந்தது எனக்கே நினைவிருக்கிறது.

"ஞாபகமறதிய ஏம்மா எடுத்தே? எனக்கு அதுக்குத்தான் நல்லாக் கேட்டுச்சு."

"எத்தனை நாளா குடிக்கிறீங்க சார்?"

வாத்தியார் யோசித்தார். நெடுநேரம் யோசித்தார். பிறகு ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போனார்.

காய்ச்சல் மருந்து வாங்க வருகிறவர்களிடம் அண்ணி ஒன்றைத் தவறாமல் சொல்வார். "ரெண்டு நாள் பாருங்க. விடலேன்னா மூணாம் நாள் டாக்டர்கிட்ட போயிடணும். இத வச்சிக்கிட்டு வீட்லயே கிடக்கக் கூடாது." மருந்து விற்கிறவர் இப்படிச் சொல்லலாமா என்று என் கணவருக்கு வருத்தம்தான். ஆனால் அக்காவிடம் வாய் கொடுத்து அவர் ஜெயித்ததில்லை.

வயிற்று மருந்தை யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம். இஞ்சி இவ்வளவு, ஓமம் இவ்வளவு, பெப்பர்மிண்ட் எண்ணெய் இத்தனை சொட்டு என்று எல்லாம் மாமனார் கையெழுத்தில் இருக்கிறது. காய்ச்சல் மருந்து அப்படியில்லை. அது கசப்புப் பட்டையில் செய்வது. பட்டையை இடித்துத் துணியில் மூட்டையாகக் கட்டி, அண்டாத் தண்ணீரில் தொங்கவிட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். உள்ளே ஒரு கோடு இருக்கிறது. தண்ணீர் வற்ற வற்ற அந்தக் கோடு வரைக்கும் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கசப்பு சரியாக இறங்கியதும் மூட்டையை வெளியே எடுத்துவிட வேண்டும். ஆனால் ஒரு சாக்குப் பட்டை மாதிரி இன்னொரு சாக்குப் பட்டை இருக்காது. ஒன்று மூன்று மணி நேரம் கேட்கும், இன்னொன்று ஒரு மணி நேரத்திலேயே எகிறிவிடும். அதனால் மாமனாரின் தாளில் நேரம் எழுதப்படவில்லை. கடைசி வரி இதுதான்: ருசி பார்த்து மூட்டையைத் தூக்கவும்.

அந்த ருசி அண்ணியுடையது. ஒரு ஸ்பூன் எடுத்து ஊதி, வாயில் விட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்புவார். நாங்கள் காத்திருப்போம். திரும்பி, "இன்னும் கொஞ்சம்" என்பார், அல்லது "தூக்கலாம்" என்பார். "அக்கா சுவருகிட்ட கேட்டுட்டு வர்றா" என்று என் கணவர் என் காதில் சொல்வார்.

நாலு வருஷத்துக்கு முன் அண்ணிக்கே காய்ச்சல் வந்தது. அடுத்த வீட்டம்மா எட்டிப் பார்த்து, "காய்ச்சல் மருந்து காய்ச்சறவங்களுக்கே காய்ச்சலா?" என்று கேட்டபோது, அண்ணி படுத்தபடியே, "ஏன், சலவைக்காரர் சட்டை அழுக்காவாதா?" என்று கேட்டார். இரண்டு நாள் எங்கள் மருந்தைக் குடித்தார். விடவில்லை. மூன்றாம் நாள் தான் எல்லோருக்கும் சொல்கிறபடி டாக்டரிடம் போனார். ஒன்பது நாளில் எழுந்துவிட்டார். முகம் மட்டும் கொஞ்சம் வற்றியிருந்தது.

எழுந்து வந்த முதல் நாள் காலை அவருக்கு டீ கொடுத்தேன். ஒரு வாய் குடித்து, சுவரைப் பார்த்து நின்று, திரும்பி "நல்லாருக்கு" என்றார். அடுப்பில் மிச்சம் இருந்ததை எனக்கு ஊற்றிக்கொண்டு குடித்தபோதுதான் தெரிந்தது, சர்க்கரையே போடவில்லை.

அன்றிலிருந்து கவனித்தேன். அடுப்போரம் கிடந்த பிடிதுணி கருகிப் புகைந்தது. பக்கத்திலேயே நின்றவருக்கு அது தெரியவில்லை. திரிந்த பாலை ஒன்றும் சொல்லாமல் குடித்தார். முன்பு இரண்டு அறை தள்ளி இருந்தே "பால் அடிபுடிக்குது பாரு" என்று கத்துகிறவர். இன்னொன்றும் இருந்தது. வழக்கம்போலச் சுவரைப் பார்த்து நின்றார், ஆனால் கண்ணை மூடவில்லை. எங்களுக்காக நிற்கிறார் என்று புரிந்தது.

யாரிடம் சொல்வது? என் கணவருக்கு ரொம்ப நாளாக ஒரு யோசனை உண்டு. பெரிய கம்பெனிகள் காய்ச்சிய மருந்தையே டிரம்மில் அனுப்புகிறார்கள். வாங்கிப் பாட்டிலில் அடைத்து நம் லேபிளை ஒட்டினால் போதும், நெருப்பு வேண்டாம், புகை வேண்டாம். அவர் இதைச் சொல்லும்போதெல்லாம் அண்ணி ஒன்றுதான் கேட்பார். "அப்ப நான் எதுக்குடா? உக்காந்து ஈ ஓட்டவா?" பேச்சு அதோடு நிற்கும். அண்ணிக்கு நாக்கு போய்விட்டது என்று தெரிந்தால் மறுநாளே டிரம் வந்துவிடும். அண்டாவைக் கவிழ்த்துவிட்டு அந்த மனுஷி எங்கே நிற்பார்? இதை நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டேன். முதல் இரண்டு வாரம் காய்ச்சியதெல்லாம் வயிற்று மருந்து. தாளைப் பார்த்துச் செய்கிற வேலை என்பதால் ஒன்றும் கெடவில்லை.

மூன்றாவது வாரம் புதுச் சாக்குப் பட்டை வந்தது. அண்ணி சுவர்க் கடிகாரத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே காய்ச்சினார். சரியாக இரண்டு மணி நேரம் ஆனதும் ஸ்பூனை வாயில் வைத்து, சுவரைப் பார்த்து நின்று, "தூக்கலாம்" என்றார். பிறகு களைப்பாக இருக்கிறது என்று உள்ளே போய்ப் படுத்தார்.

நான் ஒரு ஸ்பூன் எடுத்து ஊதி நாக்கில் வைத்துப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதைக் குழந்தைகளுக்குக் கொடுத்தால் குடலே வெளியே வந்துவிடும். கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஒரு ஜக் ஊற்றிக் கலக்கிப் பார்த்தேன். போதவில்லை. இன்னொரு ஜக். நாலாவது ஜக்கில் பழைய கசப்பு வந்தது. யாருக்கும் மனம் நோகாமல் காரியத்தை முடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமைகூட வந்தது.

மறுநாள் அண்ணி புனலை வைத்து ஊற்றினார், நான் மூடி போட்டு லேபிள் ஒட்டினேன். கோடு மட்டத்துக்கு ஓர் அண்டா என்றால் பன்னிரண்டு டஜன் பாட்டில். நான் வந்த நாளிலிருந்து அதுதான் கணக்கு. அத்தனைதான் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்போம். அண்ணி கடைசிப் பாட்டிலை நிரப்பிவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டினார். பாட்டில் இல்லை. அண்டாவை எட்டிப் பார்த்தார்.

"பாட்டில் தீந்துடுச்சு. மருந்து தீரலயே."

என் கையிலிருந்த லேபிள் கோணலாக ஒட்டிக்கொண்டது. அவர் ஒரு கரண்டி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யாரு தண்ணி ஊத்துனது?"

பெட்டி எடுக்க வந்த என் கணவர் வாசலில் நின்றார். "மழைத் தண்ணி எதாவது ஒழுகியிருக்கும்க்கா."

"மழை பேஞ்சு மூணு வாரம் ஆச்சு. நீ போய் வண்டியத் துடை."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

"நீதானே?"

"ஆமா அண்ணி."

"இந்த ரூம்ல இதுவரைக்கும் ஒருத்தரும் செய்யாத காரியம். என்னத்துக்குச் செஞ்சே?"

"கசப்பு ரொம்ப ஜாஸ்தியா இருந்துச்சு அண்ணி."

"நான் ருசி பாத்துத்தானே தூக்கச் சொன்னேன்?"

இனி மறைக்க இடமில்லை. "உங்களுக்கு ருசி தெரியல அண்ணி. அன்னிக்கு டீயில சர்க்கரையே போடல. நீங்க நல்லாருக்குன்னீங்க."

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார். கவிழ்த்துப் போட்டிருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தார்.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"பதினெட்டு நாளா."

"பதினெட்டு நாள்! அடி அழுத்தக்காரி. தம்பிகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"ஏன்?"

"டிரம் வந்துடும்னு."

அவர் என்னையே பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எழுந்து புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

"சரி, எல்லாத்தையும் கொட்டு."

"இப்ப கசப்பு சரியாத்தான் இருக்கு அண்ணி. கொதிச்ச தண்ணிதான் ஊத்துனேன்."

"கொதிச்ச தண்ணிதான். பட்டையோட கொதிக்கலயே. ரெண்டு வாரத்துல புளிச்சுப் பூசணம் பிடிக்கும். உனக்குத் தெரியாது, அது உன் தப்பில்ல. தெரியாதுன்னு ஒத்துக்காம ரெண்டு மணி நேரம்னு கடிகாரத்தைப் பாத்துத் தூக்குனேனே, அதுதான் தப்பு. கொட்டு."

பன்னிரண்டு டஜன் பாட்டிலையும் சாக்கடையில் கவிழ்த்தோம். நான் ஒட்டிய சிவப்பு லேபிள்களை நானே ஊறவைத்துச் சுரண்டினேன். அன்று சாப்பிட உட்கார்ந்ததும் அண்ணி நேராக விஷயத்துக்கு வந்தார்.

"டேய், எனக்கு நாக்கு செத்துப்போச்சு."

"நல்லாத்தானே பேசிட்டிருக்கே?"

"ருசிடா மடையா. உப்பு, உறைப்பு எதுவும் தெரியல. மூக்கும் இல்ல. காய்ச்சலோட போனது வரல. டாக்டரக் கேட்டேன், வந்தாலும் வரும் வராமலும் போகும்ங்கறார்."

என் கணவர் சாப்பாட்டை நிறுத்தினார். அவருக்கு அக்கா மேல் உயிர். அதனாலேயே அந்த வார்த்தையை மெதுவாகத்தான் சொன்னார். "அப்ப, டிரம்முக்குச் சொல்லிடவாக்கா? நீயும் எத்தனை காலத்துக்குப் புகையில நிப்பே?"

இந்த முறை அண்ணி ஈ ஓட்டவா என்று கேட்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் ருசி பாக்கறேன்" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். மேஜை பேசியிருந்தால்கூட அவ்வளவு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

"நீயா?" என்றார் என் கணவர். "நீ வாயத் தொறக்கறதே கொட்டாவி விடத்தானே?"

"ருசி பாக்க எதுக்குப் பேசணும்?"

"பேசித்தான் ஆகணும்" என்றார் அண்ணி. அவர் குரலில் பழைய கறார் வந்திருந்தது. "நீ பாட்டுக்கு 'உம்'னு நின்னா நான் மூட்டையைத் தூக்கறதா விடறதா? சரி, நாளைக்குப் பாக்கலாம்."

ஒவ்வோர் அண்டாவிலிருந்தும் ஒரு பாட்டிலைத் தேதி எழுதி அலமாரியில் வைப்பது எங்கள் பழக்கம். மறுநாள் காலை அதிலிருந்து அண்ணி ஐந்து கிண்ணங்களில் ஊற்றி வரிசையாக வைத்தார். எது எந்த அண்டா என்று கிண்ணத்தின் அடியில் எழுதியிருந்தார். எது லேசு, எது கடுமை என்று நான் சொல்ல வேண்டும். நாலைச் சரியாகச் சொன்னேன். ஐந்தாவதில் தடுமாறினேன். என் கணவர் தானும் பார்ப்பேன் என்று வந்து ஐந்தையும் தப்பாகச் சொன்னார். வேடிக்கைக்கு வைத்திருந்த வயிற்று மருந்தையும் குடித்துவிட்டு, "இருக்கறதிலேயே இதுதான் காய்ச்சலுக்கு நல்லாக் கேக்கும்" என்று சான்றிதழ் கொடுத்தார்.

"உன்னை வண்டியோட விட்டது எங்கப்பா செஞ்ச புண்ணியம்" என்றார் அண்ணி.

அடுத்த அண்டாவை ஏற்றினோம். ஒரு மணி நேரத்தில் நான் முதல் ஸ்பூன் எடுத்தேன். "எப்படி இருக்கு?" என்றார். "கசக்குது" என்றேன். "அது எனக்கே தெரியும், தாளிலயே இருக்கு" என்றார். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பதிலாக, பல வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"நீங்க சுவரப் பாத்து நின்னு என்ன அண்ணி பண்ணுவீங்க?"

"எண்ணுவேன். முழுங்குனதுலேர்ந்து கசப்பு நாக்க விட்டுப் போற வரைக்கும். நாப்பதுல போச்சுன்னா சரி. முப்பதுல போச்சுன்னா இன்னும் வேகணும். மூஞ்சிகளப் பாத்துட்டு நின்னா எண்ணிக்கை தப்பிடும்."

"டீக்குமா?"

"பழகிப்போச்சு."

"இத முன்னாலயே சொல்லியிருக்கலாமே அண்ணி."

"நீங்க கேட்டீங்களா? சுவருகிட்ட பேசறேன்னு புருஷனும் பொண்டாட்டியும் காதுல ஓதிக்கிட்டுச் சிரிச்சீங்க. எனக்குக் காது போகலயே."

எனக்கு வெட்கமாகிவிட்டது. இன்னொரு ஸ்பூன் விழுங்கி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று வாய்விட்டு எண்ணினேன். இருபத்தொன்று வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து இருபத்தெட்டு. அண்ணி தலையைச் சாய்த்து என்னையே கவனித்தார்.

"நீ எண்ணுறது மாடு தண்ணி குடிக்கிற மாதிரி இருக்கு. உன் நாப்பது என் அறுபது. அதுவரைக்கும் விட்டா இதையும் சாக்கடையிலதான் கொட்டணும். நீ எண்ணாதே. நான் எண்ணறேன்."

அண்டா மூடியில் ஸ்பூனால் தட்ட ஆரம்பித்தார். தட், தட், தட் என்று ஒரே சீராக. நான் ஒரு ஸ்பூன் விழுங்கிக் கண்ணை மூடிக்கொண்டேன். கசப்பு மேல்நாக்கிலிருந்து விலகி, ஓரங்களுக்குப் போய், அடித்தொண்டையில் கொஞ்சம் நின்று, மறைந்தது. கையைத் தூக்கினேன். தட்டுவது நின்றது.

"நாப்பத்தஞ்சு. கொஞ்சம் தாண்டிடுச்சு" என்றார் அண்ணி. "முதல் தடவைக்குப் பரவாயில்ல. தூக்கலாம்."

மூட்டையை நாங்கள் இரண்டு பேருமாகத் தூக்கினோம். அந்த அண்டாவைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம், பெரியவர்களுக்கு மட்டும் என்று கடைக்காரர்களிடம் சொல்லித்தான் அனுப்பினார். அதற்கடுத்த அண்டா சரியாக நாற்பது.

இது நடந்து நாலு வருஷமாகிறது. அண்ணிக்கு இப்போது அறுபத்தாறு வயது. உப்பும் புளிப்பும் கொஞ்சம் தெரிகிறது என்கிறார், கசப்பு திரும்பவில்லை. மாதத்துக்கு வயிற்று மருந்து ஐந்து அண்டாவும் காய்ச்சல் மருந்து இரண்டு அண்டாவும் போகின்றன. காய்ச்சல் மருந்து காய்ச்சுகிற நாளில் நான் விழுங்குகிறேன், அவர் தட்டுகிறார், மூட்டையைத் தூக்கலாமா வேண்டாமா என்று அவர்தான் சொல்கிறார். டிரம் வாங்கவில்லை.